முகத்தைப் பார்த்து அடிப்பவன்

என் நண்பனுக்குக் குரல் கிடையாது. தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. அப்படிச் சொன்னால் அவனே திட்டுவான். குரல் போன பிறகும் திட்டுவதை அவன் நிறுத்தவில்லை. கம்ப்யூட்டரில் அடித்துத் திட்டுகிறான்.

எங்கள் பழக்கமே சண்டையில் தொடங்கியதுதான். நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பிடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ரயிலில் போய்வந்தேன். அவன் பட்டாபிராமில் ஏறி ஆவடியில் இறங்குவான். பத்து நிமிடப் பயணம். முதல் நாள் என் பை ஜன்னலோர இடத்தில் இருந்தது.

"பைக்கு டிக்கெட் எட்த்துகினியா அண்ணாத்தே?" என்றான்.

"உன் வாய்க்கு எடுத்தியா?" என்றேன்.

பெட்டியே சிரித்தது. அதன்பின் தினமும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை. எதைப் பற்றி என்பது முக்கியமில்லை. ஆவடியில் இறங்கிய பிறகும், ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மிச்சத்தைக் கத்திவிட்டுத்தான் போவான். நான் கத்தினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்குத் தகரம் என்று பேர் வைத்தான். அது நிலைத்துவிட்டது.

ஆவடியில் பத்திரம் எழுதுகிற ஒருவரின் கடையில் அவன் டைப்பிஸ்ட். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே பழைய எழுத்து வரிசையைப் போட்டுத்தான் அடித்தான். மனை விற்க வந்தவர் எதிரில் உட்கார்ந்து, வடக்கே யார் வீடு, தெற்கே எத்தனை அடிப் பாதை என்று சொல்லச் சொல்ல, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்து விரலாலும் அடிப்பான். கீபோர்டைப் பார்க்கவே மாட்டான். "மூஞ்சப் பாத்தாதான் மாமே, எவன் புளுகுறான்னு தெரியும்" என்பான். இங்கிலீஷில் ஏதாவது அடிக்க வேண்டியிருந்தால் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவான்.

ஆபரேஷனுக்குப் பிறகு, கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற ஒரு கருவியை டாக்டர் வாங்கச் சொன்னார். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மூலையில் போட்டான். 'மிக்ஸி பேஸ்ற மாரி கீது' என்று நோட்டில் எழுதிக் காட்டினான். கையால் எழுதுவதும் அவனுக்குச் சிரமம். கழுத்தில் கத்தி வைத்ததில் வலது தோள் சரியாக எழுவதில்லை. நாலு வரி எழுதினால் கை நடுங்கும். ஒரு நாள் நான் போனபோது, மருமகன் கொடுத்த பழைய லேப்டாப்பை மடியில் வைத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படபடவென்று அடித்துத் திரையை என் பக்கம் திருப்பினான்.

'இன்னாடா தகரம், சாவு ஊட்ல குந்திகினு கீற மாரி மூஞ்ச வச்சிகினு கீற?'

சிரித்தேன். சிரிப்பை முடிக்க முடியவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவன் பேச்சு அந்தப் பெட்டியில்தான். அடித்ததை அழிக்க மாட்டான். மனைவியிடம் காபி கேட்டது, ஓசூரில் இருக்கும் மகளை விசாரித்தது, என்னைக் கழுதை என்றது, எல்லாம் தேதி போட்டு ஒரே ஃபைலில் சேர்ந்துகொண்டே போனது. இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். 'நீ பேசுனத்த நீ மறுபடி பேசிக்கலாம். எனுக்கு இதான்டா கீது' என்றான்.

அந்தப் பேச்சையும் ஒருத்தன் திருடினான்.

இன்டர்நெட்டில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று சிவப்பாக மின்னியிருக்கிறது. சரிசெய்ய இங்கே அழுத்து என்றிருக்கிறது. அழுத்திவிட்டான். அதன் வழியாக எவனோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். அன்று மத்தியானமே என் நண்பன் பேரில் எங்கள் ரயில் கூட்டாளிகள் எல்லாருக்கும் மெசேஜ் போனது. எனக்கும் வந்தது. 'அன்புள்ள நண்பரே, தாங்கள் நலமா? மருத்துவமனையில் இருக்கிறேன். அவசர உதவி தேவை.'

முதல் வரியிலேயே அது அவனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாங்கள் நலமா என்று அவன் ஜென்மத்தில் என்னைக் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு அது உறைக்கவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தவன்தானே? சந்தேகப்பட்டுப் போன் செய்தாலும் அவனால் எடுத்து 'நான் இல்லடா' என்று சொல்ல முடியாது. நான் அவன் மனைவிக்குப் போன் செய்து சொல்லி, ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக் கத்தி நிறுத்துவதற்குள் நாலு பேர் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டார்கள். மறுத்துப் பேச வாயில்லாதவன் பேரில் பேசியிருக்கிறான் பாருங்கள். அந்த நாய் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் என் நண்பன் தனியாக ரயிலேறித் திருநின்றவூருக்கு வந்துவிட்டான். பயத்தில் தன் ஸ்மார்ட்போனைக்கூட மனைவியிடம் கொடுத்துவிட்டானாம். இனிமேல் அதைத் தொட மாட்டானாம். கையில் நோட்டு. நான் கதவைத் திறந்ததும் நோட்டைப் பிரித்து நீட்டினான். வழியிலேயே எழுதி வைத்திருக்கிறான். கோணல்மாணலாக ஒரே வரி.

'என் பேச்ச என்னத் தவுர எவனும் பேசக் கூடாது. அது மாரி ஒரு பொட்டி குடு.'

எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதைச் சுத்தமாகத் துடைத்து லினக்ஸ் போட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற, காசு கொடுக்க வேண்டாத ஒன்று அது. பழைய பெட்டியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். அவனுடைய டைப்ரைட்டர் எழுத்து வரிசையை அதில் தேடிப் பிடித்துப் போட எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் தமிழ். மறுபடி அழுத்தினால் இங்கிலீஷ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து யாரும் உள்ளே தட்டாதபடி வழிகளை அடைத்தேன். விளம்பரங்களே வராதபடி பிரவுசரைக் கட்டினேன். அப்டேட் தானாக வரும்படி செய்தேன். மெயிலை வேறு யாராவது திறக்கப் பார்த்தால் அவன் மனைவியின் போனுக்கு எண் வந்து கேட்கும்படி வைத்தேன். பழைய பெட்டியிலிருந்து அந்தப் பேச்சு ஃபைலை மட்டும் எடுத்து, சோதித்து, இதில் போட்டேன். பழையதை அழித்தேன்.

'இதுல வைரஸ் வராதா?' என்று அடித்தான்.

"நீ கூப்பிட்டா எதுல வேணும்னாலும் வரும். சிவப்பா எதுவும் மின்னுச்சுன்னா தொடாதே."

'பச்சையா மின்னுனா?'

"விரலை ஒடிப்பேன்."

அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். "இப்பவே ஒட்ச்சுட்டுப் போண்ணே. வாயி இருந்தப்போ தூங்கும்போதாவது சும்மா இருந்துச்சு. இந்த வெரலு தூக்கத்துலயும் தட்டினு கீது."

'பாத்தியாடா, என் ஊட்லயே எனுக்கு சப்போட்டு இல்ல' என்றான் அவன்.

கடைசியாகப் பூட்டு. இரண்டு பூட்டு வைத்தேன். மூடித் திறக்கும்போது கேட்கிற சின்னப் பூட்டுக்கு வெறும் நாலு எண். பெட்டியை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி ஏற்றும்போது மட்டும் பெரிய பூட்டு கேட்கும். அதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஒரு எழுத்தைக்கூட யாரும் படிக்க முடியாது. பெட்டியைச் செய்தவனே வந்தாலும் முடியாது. ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறவன். எங்கேயாவது தொலைத்தாலும் பேச்சு அடுத்தவன் கையில் போகக் கூடாது.

"அந்தச் சொல்லை நீதான் வைக்கணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

'உன்கிட்டயுமா?'

"முதல்ல என்கிட்டதான் சொல்லக் கூடாது. நான் கத்தினா பட்டாபிராம் பூரா கேக்கும்."

கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, அடிக்க வேண்டியதை நானே அடித்துவிட்டு, "இப்போ உன் சொல்லு. ரெண்டு தடவை கேக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் தினசரிக் காலண்டர். ராகு காலம், எமகண்டம் எல்லாம் படித்தேன். பின்னால் விசைகள் படபடத்தன. கொஞ்சம் நின்று, மறுபடி அதே படபடப்பு. மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். முடிந்தது என்று அர்த்தம். ஒருமுறை முழுதாக அணைத்து ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். அந்த ஃபைலுக்கு வேறொரு பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைத்தேன். கம்பெனியில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அவன் பெட்டியை அணைப்பதே இல்லை, மூடித்தான் வைப்பான். ஒரு சனிக்கிழமை அவர்கள் தெருவில் கேபிள் வேலை என்று பகல் முழுக்கக் கரன்ட் இல்லை. பழைய பேட்டரி, தீர்ந்து பெட்டி தானாக அணைந்தது. ஞாயிறு காலையில் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பொட்டி தொறக்கல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அவரு ஒரு வார்த்த பேசல. சீக்கிரம் வா."

போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேஜையில் லேப்டாப், திரையில் அந்த ஒற்றைக் கட்டம். பக்கத்தில் நோட்டு. என்னைப் பார்த்ததும் கட்டத்தைக் காட்டி இரண்டு கையையும் விரித்தான்.

"மறந்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். அடித்துக் காட்டினான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தவறு என்றது பெட்டி. மறுபடி அடித்தான். தவறு. அவன் எத்தனை முறை அடித்திருப்பான் என்று அவன் மனைவியைக் கேட்டேன். "கணக்கே இல்லண்ணே. நேத்து சோறு கூடத் துண்ணல" என்றாள்.

"சரி, அந்தச் சொல்லு என்னன்னு சொல்லு. நான் அடிக்கிறேன்."

மாட்டேன் என்று தலையாட்டினான். நோட்டை இழுத்து எழுதினான். 'நீதான சொல்லாதன்ன.'

எனக்கு வந்ததே கோபம். "அப்போ சொன்னது வேற, இப்போ வேற. முட்டாள். இதுக்கு மாத்துச் சாவி கிடையாது தெரியுமா? உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். நீ பேசுன அத்தனையும் போயிடும். என்னத்தையோ மாத்தி அடிச்சு வச்சிருக்கே. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் நீ பத்திரம் அடிச்சிருக்கே, எத்தனை பேர் மனை இடம் மாறிக் கிடக்கோ. சொல்லித் தொலைடா."

அவன் உள்ளங்கையால் மேஜையை இரண்டு முறை அறைந்தான். பேனாவை எடுத்தான். 'டே' என்று எழுதினான். அடுத்த எழுத்துக்குள் கை உதறியது. பேனாவை வைத்துவிட்டான்.

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கத்தியிருப்பேன். பாதி வாக்கியத்தில்தான் எனக்கு உறைத்தது. ரயிலில் நான் ஒன்று சொன்னால் அவன் மூன்று சொல்வான். ஆபரேஷனுக்குப் பிறகும் திரையைத் திருப்பித் திருப்பி என்னை ஓட ஓட விரட்டியிருக்கிறான். இப்போது நான் மட்டும் கத்துகிறேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் பதில் இல்லாமல் பேசியது அன்றுதான். வாயை மூடிக்கொண்டேன்.

"ஏண்ணே நிறுத்திட்ட?" என்றாள் அவன் மனைவி. "கத்து. ஊடு நேத்துலேர்ந்து இப்டிதான் கெடக்குது."

கத்த முடியவில்லை. பிரதி எடுக்காதது யார்? நான். அணைத்து ஏற்றிப் பார்க்காதது யார்? நான். அவன் செய்த ஒரே குற்றம், நான் சொன்னதைக் கேட்டது.

"இன்னொரு தடவை அடி" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னதால் அவன் சந்தேகமாகப் பார்த்தான். "அடிடா. நான் கையைப் பார்க்கல."

இந்த முறை நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். அவனும் என் முகத்தைப் பார்த்தான். விரல்கள் படபடவென்று ஓடின. தவறு என்றது பெட்டி.

எனக்கு விளங்கிவிட்டது.

அவன் குனியவில்லை. ஒற்றை விரலால் தேடவில்லை. பத்து விரலாலும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தான்.

"நீ தமிழ்லயா வச்சே?"

அவன் புருவத்தைத் தூக்கினான். பின்னே என்ன, சீன மொழியிலா என்று கேட்கிற தூக்கல்.

தப்பு இதுதான். அன்று நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் வழக்கம்போல இரண்டு விசையை அழுத்தித் தமிழுக்குப் போய்த் தன் சொல்லை வைத்திருக்கிறான். பேசுவதென்றால் அவனுக்குத் தமிழ்தானே? பெட்டியும் தமிழ் எழுத்தாகவே வாங்கிப் பூட்டிக்கொண்டது. ஆனால் அணைத்து ஏற்றும்போது பெட்டி இன்னும் முழுதாக விழித்திருக்காது. அந்த நேரத்தில் அதற்குத் தமிழ் தெரியாது. அவன் அதே விரலால் அதே விசைகளைத்தான் தட்டுகிறான். அது அவற்றை இங்கிலீஷ் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, இது அந்தச் சொல் இல்லை என்கிறது. அவன் சரியாகத்தான் சொன்னான். கேட்ட பெட்டிக்குத்தான் பாஷை தெரியவில்லை. கால் மணி நேரம் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். அதிலும் லினக்ஸ் உண்டு. உள்ளே இருப்பதைத் தொடாமல் அதிலிருந்தே பெட்டியை ஏற்றினேன். அது முழுதாக விழித்ததும் அவனுடைய டைப்ரைட்டர் எழுத்து வரிசையைப் போட்டேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து, பூட்டைத் திறக்கச் சொல்லும் கட்டளையை அடித்தேன்.

"தமிழ் போட்டிருக்கு. இப்போ சொல்லு."

எழுந்துபோய்க் காலண்டர் முன் நின்றேன். முந்தின நாள் தாளைக் கிழிக்கவே இல்லை; சனிக்கிழமையிலேயே நின்றிருந்தது. விசைகள் படபடத்தன. அப்புறம் சத்தமே இல்லை. பெரிய பூட்டு திறக்கச் சில நொடி ஆகும், எனக்குத் தெரியும். அவன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று அவளும் காலண்டரைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ராகு காலம் படித்துக்கொண்டிருந்தோம்.

மேஜையில் ஒரு தட்டு.

முதல் வேலையாகப் பேச்சு ஃபைலைத் தனிப் பென் டிரைவில் எடுத்து, அதையும் பூட்டி, அவன் மனைவி கையில் கொடுத்தேன். பீரோவில் வைக்கச் சொன்னேன். அடுத்தது அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். இங்கிலீஷில் ஒரு சொல் வை என்றால் அவன் குனிந்து தேடிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் மறப்பான். யோசித்தேன்.

"தமிழை அணைச்சுட்டேன். நீ அதைக் கண்டுக்காதே. அதே சொல்லை அதே மாதிரி என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அடி. உன் விரல் ஓடுற மாதிரி ஓடட்டும். அது இங்கிலீஷ்ல என்ன கண்றாவியா விழுந்தாலும் விழட்டும்."

அடித்தான். இரண்டு முறை. எந்த அகராதியிலும் இல்லாத ஏதோ ஒன்று விழுந்திருக்கும். இனிமேல் அந்தச் சொல்லை அவனே நினைத்தாலும் சொல்ல முடியாது, எழுதிக் காட்டவும் முடியாது. அவன் விரலுக்குத்தான் தெரியும். பெரிய பெரிய கம்பெனிகளில் பார்த்த பூட்டுகளைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

பென் டிரைவைப் பிடுங்கினேன். முழுதாக அணைத்தேன், ஏற்றினேன். கட்டம் வந்தது. என் முகத்தைப் பார்த்து அடித்தான். திறந்தது. இன்னொரு முறை அணைத்து ஏற்றச் சொன்னேன். திறந்தது. மூன்றாவது முறையும் செய்யச் சொன்னபோது லேப்டாப்பை என்னிடமிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

சரி, ஏதாவது நல்லதாகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். ஒரு நன்றி, ஒரு சிரிப்பு. திரையைத் திருப்பினான்.

'வந்த ஒடனே முட்டாள்னு சொன்ன. அதுக்கு மொதல்ல பதில் சொல்றேன். குந்து.'

சொன்னான். நான் கத்திய வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனான். எதையும் விடுகிற மாதிரி இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் என்றதற்கு மட்டும் அரைப் பக்கம். அதில் என் அப்பா, என் வாத்தியார், கோவில்பட்டி மொத்தமும் வந்தது. நான் குறுக்கே கத்தினேன். அவன் இன்னும் வேகமாக அடித்தான். அவன் மனைவி தோசையை என் தட்டில் போட்டுவிட்டு, அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்து, "அய்யய்யோ, இத்தயெல்லாம் எயுதாத" என்று சிரித்தாள். அவன் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஒரு கையாலேயே அடித்தான்.

ஸ்டேஷன் பக்கம் ஹாரன் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ரயிலுக்கு நேரமாச்சு. நான் வாரேன்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்துத் திரையைத் திருப்பினான்.

'அட்த்த ரயில்ல போ. இன்னும் ஒம்பது பதில் பாக்கி கீது.'

உட்கார்ந்தேன்.